தாயின் உணவுக் கொழுப்பும் குடல் நுண்ணுயிர்களும்

நம் அங்கத்தினர் இல்லங்களில் ஒரு பெண் சூலுற்றாள் என்னும் நற்செய்தி பரவியவுடன், அடுக்களையில் இரு கட்சிகள் தோன்றுவது வழக்கம். "நெய்யைத் தாராளமாக ஊற்றுங்கள்; பிள்ளைப்பேறு எளிதாகும்" என்பது ஒரு கட்சி. "எண்ணெய், நெய்யைக் குறையுங்கள், குழந்தை பெருத்துவிட்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்" என்பது மற்றொரு கட்சி. உறையூரிலும் மணமேட்டிலும் தறியோசை கேட்கும் தெருக்களானாலும் சரி, ஸ்ரீரங்கத் தீவிலும் அந்தநல்லூர், லால்குடி வட்டாரங்களிலும் வாழையும் நெல்லும் விளைவிக்கும் குடும்பங்களானாலும் சரி, இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. உண்ண வேண்டியவளோ இரு கட்சியாருக்கும் நடுவே நின்று, பெரும்பாலும் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிறாள்.

இவ்வழக்கில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய சாட்சி கிடைத்திருக்கிறது. நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களே அச்சாட்சி. தாய் உண்ணும் கொழுப்பு இந்நுண்ணுயிர்களை எவ்வாறு மாற்றுகிறது, அம்மாற்றம் தாயையும் சேயையும் எவ்வாறு தொடுகிறது என்பதைக் குறித்துக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் உலகின் பல ஆராய்ச்சிக் கூடங்கள் ஆராய்ந்து வருகின்றன. அவற்றின் முடிவுகளில் நம் குடும்பங்களுக்குப் பயன்படுவனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடலில் வாழும் குடிகள்

உழவர்க்கு மண்ணின் இயல்பைக் கூற வேண்டுவதில்லை. ஒரு பிடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. தொழுவுரமும் தழையும் இட்டால் அவை பெருகி, மண்ணை உயிருள்ளதாக வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் யூரியாவை மட்டும் இட்டுத் தழையை மறந்தால், பயிர் சில காலம் பச்சையாகத் தோன்றினும் மண் மெல்லச் சோர்ந்து விடுகிறது.

மனிதனின் பெருங்குடலும் அத்தகைய ஒரு நிலமே. ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கலாம் என்று 2016இல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. உடலின் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவுதான். இப்பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை குடியிருப்பது பெருங்குடலில். நோய்க்கிருமிகள் என்று இவற்றை அஞ்ச வேண்டுவதில்லை. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தை இவை உண்டு புளிக்கச் செய்து, அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் முதலான சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரிக் அமிலம் பெருங்குடலின் உட்சுவருக்கு நேரடி உணவாகிறது. மற்றவை இரத்தத்தில் கலந்து, பசியையும் சர்க்கரையையும் சீராக்கும் வேலையில் பங்கு கொள்கின்றன. சில பாக்டீரியாக்கள் ஃபோலிக் அமிலம் போன்ற வைட்டமின்களையும் ஓரளவு ஆக்கித் தருகின்றன.

இக்குடிகளுக்கு நாம் செலுத்த வேண்டிய வாடகை ஒன்றே. நாள்தோறும் நார்ச்சத்துக் கிடைக்கச் செய்ய வேண்டும். கிடைக்காவிடில் அவற்றுட் சில, குடற்சுவரைப் போர்த்திக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன. படலம் மெலிந்தால் காவல் குறைகிறது.

கொழுப்பு குடலில் செய்வது யாது?

நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு விடுகின்றன. அங்ஙனமிருக்கப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களை அவை எவ்வாறு தொட இயலும் என்று கேட்கலாம். மூன்று வழிகளில் தொடுகின்றன.

முதலாவது, பித்தநீர் வழி. கொழுப்பைக் கரைக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைச் சுரக்கிறது. கொழுப்பு மிகுந்தால் பித்தமும் மிகும். அதில் ஒரு சிறு பகுதி பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்களில் சில இனங்களுக்குப் பித்தம் பொறுக்காது. வேறு சில இனங்களுக்கோ அதுவே வாய்ப்பு. எனவே குடிகளின் விகிதம் மாறுகிறது. பால்கொழுப்பு மிகுந்த உணவு, சல்ஃபைட்டைப் பயன்படுத்தும் ஒருவகைப் பாக்டீரியாவைப் பெருக்கியதென்று 2012இல் எலிகளிடம் கண்டறியப்பட்டது.

இரண்டாவது, கொழுப்பின் இனம். எல்லாக் கொழுப்பும் ஒன்றன்று. நெய், தேங்காயெண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. நல்லெண்ணெய், கடலெண்ணெய் ஆகியவற்றில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்து, நார்ச்சத்துக் குறைந்த உணவைப் பல வாரங்கள் எலிகளுக்கு ஊட்டினால், குடற்சுவரின் காவல் தளர்ந்து, பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள நச்சுப்பொருள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கசிகிறது. காய்ச்சல் வராது, ஆயினும் உடலெங்கும் ஒரு மெல்லிய அழற்சி கனன்று கொண்டிருக்கும். இன்சுலின் வேலை செய்வதை அது தடுக்கிறது.

மூன்றாவதே முதன்மையானது. தட்டில் கொழுப்பு ஏறும்போது வேறொன்று இறங்குகிறது. பொரித்த பலகாரம் வந்த இடத்தில் கீரை போயிற்று. பூரி வந்த இடத்தில் சுண்டல் போயிற்று. நுண்ணுயிர்களுக்கு நேரும் தீங்கில் ஒரு பகுதி கொழுப்பு வந்ததனால். மற்றொரு பெரும்பகுதி நார் போனதனால். எலிகளுக்கு ஊட்டும் 'கொழுப்பு மிகு' உணவுகள் பலவற்றில் கலோரியில் 45 முதல் 60 விழுக்காடு வரை கொழுப்பாகவே இருக்கும். தூய மாவும் சர்க்கரையும் கலந்த அவ்வுணவில் புளித்துப் பயன்தரும் நார் மிகச் சொற்பம். ஆகவே அம்முடிவுகளைப் படிக்கும்போது இவ்விரு குற்றங்களையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

சூலுற்ற உடலில் நேர்வன

கருவுற்ற காலத்தில் பெண்ணின் உடல் பல வகையில் மாறுகிறது. புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பினால் குடலின் ஓட்டம் மந்தமாகிறது, மலச்சிக்கல் தோன்றுகிறது. இரும்புச்சத்து மாத்திரை அதனைச் சிலருக்கு மிகுவிக்கும். கடைசி மூன்று மாதங்களில் இன்சுலினுக்கு உடல் பணியும் தன்மை இயல்பாகவே குறைகிறது. தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை சேய்க்குக் கிடைக்கும்பொருட்டு இயற்கை செய்த ஏற்பாடு அது. அளவு கடந்தால் அதுவே கருக்கால நீரிழிவாகிறது.

நுண்ணுயிர்களும் இம்மாற்றத்தில் பங்கு கொள்கின்றனவா? 2012இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பின்லாந்து நாட்டவரும் 91 பின்லாந்துக் கர்ப்பிணிகளை ஆராய்ந்தனர். முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் இடையே அவர்களின் குடல் நுண்ணுயிர்களில் பெரிய வேறுபாடு காணப்பட்டது. கிருமியே இன்றி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அந்நுண்ணுயிர்களை மாற்றியபோது, கடைசி மாதத்து நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள் மிகுதியாகக் கொழுத்தன. இன்சுலினுக்குப் பணிவதும் அவற்றில் குறைந்தது. ஆயினும் 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வாரந்தோறும் மாதிரிகள் எடுத்து ஆராய்ந்தபோது, கர்ப்ப காலம் முழுதும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நிலையாகவே இருந்தன. ஆகவே எல்லா நாட்டுப் பெண்களிடமும் ஒரே வகையான மாற்றம் நேர்கிறதென்று கொள்வதற்கில்லை. உணவும் ஊரும் உடற்கட்டும் இதில் ஊடாடுகின்றன.

பாவு நீட்டுமுன் செய்ய வேண்டியது

நெசவாளர் பாவுக்குக் கஞ்சியிடுவது நெய்யத் தொடங்குமுன் அன்றோ? தறியில் ஏற்றிப் பாதி நெய்தபின் இழை நைந்து போவதைக் கண்டு வருந்திப் பயனில்லை. தாயின் உணவும் அத்தகையதே என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை நேராக எடுத்துக் கொண்டது. கருவுறுவதற்கு முன்பிருந்தே கொழுப்பு மிகு உணவு உண்ட பெண் எலிகளிடம், கர்ப்ப காலத்தில் நிகழும் நுண்ணுயிர் மாற்றங்கள் சாதாரண உணவு உண்ட எலிகளிடம் நிகழ்ந்தவற்றைப் போல் இருக்கவில்லை. கர்ப்பம் தொடங்கும்போது நிலம் எந்நிலையில் இருந்ததோ, அதற்கேற்பவே பின்னர் விளைந்தது.

சேய்க்கு இது சென்று சேர்வது எவ்வாறு? பிறக்கும்போதும் தாய்ப்பாலின் வழியும் குழந்தை தன் முதற்குடிகளைப் பெரும்பாலும் தாயிடமிருந்தே பெறுகிறது. அமெரிக்காவில் குரங்குகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய்க்குரங்கு கொழுப்பு மிகு உணவு உண்டால், குட்டிக்குப் பின்னர் நல்ல உணவு தந்தும் அதன் நுண்ணுயிர்கள் ஓரளவே சீர்பட்டன. ஹூஸ்டன் நகரில் 2016இல் மனிதத் தாய்மாரிடம் கண்டது அதற்கு ஒத்திருக்கிறது. கர்ப்பத்தில் கொழுப்பு மிகுதியாக உண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் பாக்டீராய்ட்ஸ் என்னும் இனம் குறைந்திருந்தது. தாய் பருமனாயிருந்தாலும் இல்லாவிடினும் இவ்வேறுபாடு காணப்பட்டது. குழந்தைக்கு ஆறு வாரம் ஆகும் வரையிலும் அது நீடித்தது.

ஜப்பானியர் 2020இல் கண்டறிந்தது இவற்றினும் நமக்குப் பயனுள்ளது. நார்ச்சத்துக் குறைந்த உணவு பெற்ற தாய் எலிகளின் குட்டிகள், வளர்ந்தபின் எளிதில் பருத்துச் சர்க்கரைக் கோளாறு உற்றன. நார்ச்சத்து மிகுதியாகப் பெற்ற தாய்களின் குட்டிகள் அங்ஙனம் ஆகவில்லை. தாயின் குடலில் நார் புளித்து உண்டான சிறு அமிலங்கள் கருவைச் சென்றடைந்து, அதன் உறுப்புகள் அமையும்போதே வழிகாட்டின என்பது அவர்கள் தந்த விளக்கம். கொழுப்பைக் குறைப்பது மட்டும் போதாது; நாரைச் சேர்ப்பதும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எலியிடம் கண்டது அனைத்தும் மனிதரிடம் அப்படியே நிகழும் என்று கூற இயலாது. எனினும் எலி, குரங்கு, மனிதர் ஆகிய மூவரிடமும் கண்டவை ஒரே திசையைச் சுட்டும்போது, அத்திசையில் கவனத்துடன் நடப்பதே அறிவுடைமை.

நம் நாட்டில் கண்டவை

கொழுப்பு மட்டுமே குற்றவாளி அன்று என்பதற்கு நம் மாநிலத்திலேயே பழைய சான்று ஒன்று உண்டு. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் 1918இல் சிறிய அளவில் தொடங்கிய உணவு ஆராய்ச்சியே பின்னர் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவு பெற்ற எலிகள் எல்லாவற்றிலும் நன்கு வளர்ந்தன. அவற்றின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியே பெரும்பகுதியான சென்னை மாகாண உணவு பெற்றவை கடைசியில் நின்றன. அவற்றின் எடை 155 கிராம் மட்டுமே. முதலிடம் பெற்ற உணவில் நெய் இருந்தது. ஆனால் அது தனித்து இல்லை. தவிடு நீங்காத தானியமும் பருப்பும் காய்கறியும் அதனுடன் இருந்தன.

நெசவுத் தொழிலினர் நன்றியோடு நினைக்கத்தக்க மற்றொருவர் லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர். பம்பாய்த் துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு நேர்ந்த கொடிய சோகையை ஆராய அவர் 1928இல் இந்தியாவுக்கு வந்தார். 1929இல் குன்னூரிலும், 1931இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் தம் பணியைத் தொடர்ந்தார். நோயின் வேர் உணவுக் குறைவே என்று கண்டு, ஈஸ்ட் சாற்றினால் அதனைத் தீர்த்தார். அச்சாற்றில் இருந்த மருந்துப் பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1941இல் பசலைக் கீரை இனத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். இன்று உலகெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் மாத்திரைக்கு ஆலைத் தொழிலாளப் பெண்களின் துயரமே தோற்றுவாய்.

1990களில் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளின் உணவும் அவர்தம் குழந்தைகளின் எடையும் ஆராயப்பட்டன. கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் பெரியவையாகப் பிறந்தன. மெலிந்த உழவர் குடிப் பெண்களிடம் கொழுப்பு ஓரளவு சேர்ந்திருந்ததும் குழந்தையின் வளர்ச்சிக்கு அனுகூலமாகவே தோன்றியது. எனவே அமெரிக்கப் பெண்ணுக்குச் சொல்லும் "கொழுப்பைக் குறை" என்னும் அறிவுரையை, எடை குறைந்த நம் கிராமத்துப் பெண்ணிடம் அப்படியே ஒப்பித்தல் தகாது.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006இல் தொடங்கிய மற்றொரு சோதனை 'முன்பே தொடங்குக' என்னும் கருத்துக்கு வலுவூட்டுகிறது. கருவுறுவதற்கு முன்பிருந்தே ஒரு சாரார்க்குக் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டி நாள்தோறும் தரப்பட்டது; மற்றவர்க்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவை சேர்த்த சிற்றுண்டி. முதற் சாராரிடம் கருக்கால நீரிழிவு 7.3 விழுக்காடு, மற்றவரிடம் 12.4 விழுக்காடு. குழந்தையின் எடை கூடியதும், கருவுறுவதற்கு மூன்று மாதம் முன்னரே அச்சிற்றுண்டியை உண்ணத் தொடங்கிய தாய்மாரிடம் மட்டுமே. இது நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி அன்று. ஆயினும் எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கு நல்ல விடை.

நீரிழிவு நகரத்தார் நோய் என்று கிராமத்தினர் வாளாவிருத்தலும் கூடாது. சென்னை மருத்துவர் வீ. சேஷையாவும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, கருக்கால நீரிழிவு நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காடு. கிராமத்திலும் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது சிறிய எண் அன்று. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது அவர்கள் பரவச் செய்த முறை. 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் கவனிப்பு வேண்டும். வெறும் வயிற்றோடு செல்லவும் வேண்டுவதில்லை.

எந்த எண்ணெய், எவ்வளவு?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையில், கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 30 கிராம் வெளிக்கொழுப்பு என்று குறிக்கப்பட்டுள்ளது. எண்ணெய், நெய், வெண்ணெய் அனைத்தும் சேர்ந்த கணக்கு இது; ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. மாதத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு பேர் கொண்ட வீட்டில் மாதம் மூன்றரை லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகுமாயின், எங்கோ அளவு மிஞ்சுகிறது என்று அறியலாம்.

இனத்தைப் பொறுத்தவரை, நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு. கடலெண்ணெயில் 20க்கு அருகில். பாமாயிலில் 45க்கு அருகில். நெய்யில் 60க்கு மேல். தேங்காயெண்ணெயில் 90க்கு அருகில். நியாய விலைக் கடைகளில் 2007 முதல் மலிவு விலையில் கிடைத்துவரும் பாமாயில் ஏழைக் குடும்பங்களுக்குப் பேருதவி. அதனை நஞ்சென்று தூற்றுவது நேர்மையன்று. அது ஒன்றே எண்ணெய் என்றாகிவிடாமல், அதில் ஒரு பகுதியும் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ ஒரு பகுதியுமாக மாற்றிப் பயன்படுத்துதல் நலம். மீன் உண்போர் வாரம் இருமுறை மத்தி போன்ற சிறு மீன் உண்டால் ஒமேகா கொழுப்பும் கிடைக்கும்; சைவ உணவினர்க்குச் சோயா எண்ணெய் ஓரளவு அதனைத் தரும்.

நெய்யைப் பற்றி ஒரு சொல். நெய்யிலும் சிறிதளவு பியூட்டிரிக் அமிலம் உண்டு. ஆதலின் அது குடலுக்கு மருந்து என்று சிலர் கூறுகின்றனர். அவ்வமிலம் பெருங்குடலை அடையுமுன்னரே உறிஞ்சப்பட்டு விடுகிறது. பெருங்குடலுக்கு வேண்டிய பியூட்டிரிக் அமிலம் நாரிலிருந்து அங்கேயே பிறக்க வேண்டும். நெய் பிறப்புப் பாதையை வழுக்கச் செய்யும் என்பதும் பொய்ந்நம்பிக்கையே; வயிற்றில் செரித்த நெய் கருப்பையின் வாயை அடைவதில்லை. பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் நல்லது. அது மெலிந்த பெண்ணுக்கு வலுவும் சுவையும் தரும். அரசினர் கர்ப்பிணிகளுக்கு வழங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழத்தோடு நெய்யும் இடம்பெற்றது இக்கருத்தினாலேயே. ஆயின் அப்புட்டி வீட்டார் அனைவர் இலையிலும் கரைந்து போகாமல், உரியவளுக்கே சேர வேண்டும்.

வளைகாப்புக் காலத்துப் பலகாரங்களும் மணப்பாறை முறுக்கும் வேண்டா என்று நாம் கூறவில்லை. முறுக்கில் நான்கில் ஒரு பங்களவு எண்ணெய் இருத்தல் இயல்பு. அதனை விருந்தாக உண்க, நாள்தோறும் உணவாக உண்ணற்க. ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் எவ்வாற்றானும் தீது. கெட்டியாக்கிய எண்ணெய்களிலுள்ள டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 விழுக்காடு என்று நம் நாட்டில் வரம்பு விதிக்கப்பட்டிருப்பினும், அவ்வகையைக் கர்ப்பிணி தவிர்ப்பதே மேல்.

எண்ணெயோடு எது?

இக்கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். அதற்கு வேண்டியவை காவிரிக்கரையில் எங்கும் விளைகின்றன. 1993இல் நம் திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்தது இம்மண்ணின் வளத்துக்குச் சான்று. வாழைக்காயில் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து மிகுதி. அது பெருங்குடலின் பாக்டீரியாக்களுக்கு நேரடி உணவு. காய் பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகி விடுகிறது. வாழைப்பூவும் தண்டும் நார் நிறைந்தவை. தாரை லாரியில் ஏற்றிக் காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பூவையும் தண்டையும் கொல்லையில் எறியும் வீட்டில் ஒரு பெண் மலச்சிக்கலுக்கு மருந்து தேடுகிறாள் என்றால், குறை அவளிடம் இல்லை.

இவற்றோடு முருங்கை, அரை, பொன்னாங்கண்ணிக் கீரைகளும், தோல் நீக்காத பயறும், கொண்டைக்கடலைச் சுண்டலும், கம்பும் கேழ்வரகும் வாரத்தில் பல நாள் இலையில் விழ வேண்டும். வேர்க்கடலை கொழுப்பும் நாரும் ஒருங்கே தருவது. ஒரு கைப்பிடி போதும். தயிரும் மோரும் நல்லவை. ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்துச் சிறிது கூடுகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியினர் பழைய சோற்றை ஆராய எடுத்துக் கொண்டதும் நோக்கத்தக்கது. கர்ப்பிணி அதனை உண்பதாயின், தூய நீர் ஊற்றி மூடி வைத்து, மறுநாட் காலையிலேயே உண்டுவிட வேண்டும்.

குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் தாமே வாங்கி உண்ண வேண்டா. பல சோதனைகளை ஒருங்கே நோக்கி 2021இல் வெளியான மதிப்பீட்டில், அவை கருக்கால நீரிழிவைத் தடுத்ததாகத் தெரியவில்லை. கர்ப்ப கால இரத்தக் கொதிப்பு நோய் அவற்றால் மிகக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. நல்ல குடிகளை விலைக்கு வாங்குவதினும், உள்ள குடிகளுக்கு உணவிடுவதே சிறந்தது.

நம் கடமை

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரிக்குச் சந்நிதி உண்டு. அங்கு ஆரோக்கியசாலை இருந்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. மருத்துவம் ஊரின் பொதுப்பொறுப்பு என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. கூட்டுறவு இயக்கத்தின் உயிரும் அதுவே. நியாய விலைக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே. பாமாயிலோடு செக்கு எண்ணெயும் பயறு வகைகளும் சிறுதானியமும் சிறு பொட்டலங்களாகச் சங்கப் பண்டகசாலையில் கிடைக்கச் செய்தல் நம்மால் ஆகாத காரியம் அன்று. உழவர் சங்கத்து எள்ளும் கடலையும் நெசவாளர் சங்கத்துக் குடும்பங்களை இடைத்தரகரின்றி அடையுமாயின், இரு சாராரும் பயன் பெறுவர்.

வீட்டார் செய்ய வேண்டுவன இவை. மணம் முடிந்த நாள் தொட்டே, பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்ணின் இலையில் கீரையும் பருப்பும் பழமும் நாள்தோறும் இருக்கட்டும். கருவுற்றவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, சர்க்கரைச் சோதனையைத் தவறாது செய்து கொள்ளட்டும். முன்னரே நீரிழிவோ, மிகு பருமனோ, மிகு மெலிவோ உள்ளவள் வைத்தியர் சொற்படி உணவை அமைத்துக் கொள்ளட்டும். எண்ணெயை அளந்து ஊற்றுக. காய்கறியை அளக்காமல் இடுக. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளை எல்லாரோடும் அமர்த்தி உண்ணச் செய்க. கடைசியில் உண்பவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சோறும் வறுவலின் அடியில் நின்ற எண்ணெயுமே. கூட்டும் கீரையும் அதற்குள் தீர்ந்திருக்கும். நுண்ணுயிர்களின் நூல் முழுதும் படித்தறியாத குடும்பமும் இவ்வொரு வழக்கத்தை மாற்றிக் கொள்ளலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.